சட்டம் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது? – பாலியல் வன்முறை வழக்குகளும் பல நாட்டு அனுபவங்களும்

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாகப் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு மருத்துவமனைக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, மருத்துவரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.

போன வாரம் ஒரு வழக்கில் குறுக்கு விசாரணை. எந்த ஊர், எந்த நாடு என்று சொல்லமாட்டேன், அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. கூண்டில் ஏறும்போது கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் "ஏன் கத்தவில்லை?" என்று ஆரம்பித்தார். பிறகு, "பக்கத்து அறையில் ஆள் இருந்தார்களே, கூப்பிட்டிருக்கலாமே?" பிறகு, "உங்கள் கையை யாரும் கட்டவில்லையே?" பிறகு, "தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருந்தது?" ஒரே கேள்வியைத்தான் நாற்பது நிமிடம் வேறு வேறு வார்த்தையில் கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டே பாட்டிலில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது பாட்டில் வெறுமையாக இருந்தது. உரித்த துணுக்கையெல்லாம் உள்ளங்கையில் உருட்டி வைத்துக்கொண்டு, "இதை எங்கே போடுவது அக்கா?" என்று கேட்டார்.

"அவருக்குச் சம்மதம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்ற கேள்வி அன்று முழுவதும் அந்த அறையில் எழவே இல்லை.

அதனால்தான் இந்த இழை. கேள்வியைப் புகார் கொடுத்தவரிடமிருந்து எடுத்து மறுபக்கம் வைத்த சட்டங்கள் எங்கெல்லாம் இருக்கின்றன? வைத்தபிறகு அங்கே என்ன நடந்தது? எனக்குத் தெரிந்ததில் தொடங்குகிறேன். ஸ்வீடனில் 2018 ஜூலை 1 முதல், அடித்தானா மிரட்டினானா என்பது முதல் கேள்வி இல்லை. மற்றவர் தன் விருப்பத்தோடு பங்கெடுத்தாரா என்பதுதான் கேள்வி. விருப்பம் உண்டா என்று பார்க்கும் பொறுப்பை மிக மோசமாகத் தட்டிக்கழித்தாலும் தனிக் குற்றம்; 'அஜாக்கிரதை வன்புணர்வு' என்று வைத்திருக்கிறார்கள். 2017-ல் அங்கே வன்புணர்வுத் தண்டனைத் தீர்ப்புகள் 190. 2019-ல் 333. அரசின் குற்றத்தடுப்பு ஆய்வு அமைப்பே கொடுத்த கணக்கு.

தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நெறியாளர்:

ஆரம்பத்திலேயே ஒரு வேண்டுகோள். பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியவைக்கும் எதையும் இங்கே எழுத வேண்டாம்: பெயர், ஊர், உறவுமுறை எதுவும். தானாக முன்வந்து தன் பெயரைப் பொதுவில் சொன்னவர்களைப் பற்றி எழுதலாம். சம்பவ வர்ணனைகளை நீக்கிவிடுவேன்.

செந்தில்வேலன் எழுதியது:

சம்மதம், விருப்பம் என்று வார்த்தையை வைத்து ஆராய்ச்சி பண்ணி என்ன ஆகப்போகிறது மேடம்? நாலு பேரை நடுத்தெருவில் தூக்கில் போட்டால் ஐந்தாவது ஆள் பயப்படுவான். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். செய்தியைப் படித்துவிட்டு ராத்திரி தூங்க முடிவதில்லை. பங்களாதேஷில் 2020-ல் மரண தண்டனை கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 2018-லிருந்து 12 வயதுக்குக் கீழான பெண் குழந்தை என்றால் தூக்கு வரை போகலாம். எல்லா நாட்டிலும் இப்படி வந்தால்தான் சரிப்படும்.

வழக்கறிஞர் அறவாழி எழுதியது:

செந்தில்வேலன் சார், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் இருபது வருடமாகக் குற்றவியல் வழக்கு நடத்துகிறேன், இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். அனுபவத்தில் சொல்கிறேன், தூக்கு என்றதும் முதலில் வாயடைத்துப்போவது அந்தக் குழந்தையின் வீடுதான்.

இந்தியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் ஏற்கெனவே தெரிந்தவர். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார். "நீ வாயைத் திறந்தால் மாமாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்" என்று ஒரு குழந்தையிடம் பாட்டி சொன்னால் அந்தக் குழந்தை என்ன செய்யும்? 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குழந்தை மீதான வன்புணர்வுக்கு மரண தண்டனை கூடாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னபோது, பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர்களே அந்தத் தண்டனைக்கு எதிராக மனு போட்டிருந்தார்கள். காரணம் இதுதான், புகார் குறைந்துவிடும் என்று. சாட்சியைக் கொன்றாலும் அதே தூக்குதான் என்றால் குற்றவாளிக்கு அதைச் செய்யாமல் விட என்ன காரணம் இருக்கிறது என்பது இன்னொரு பயம்.

யாரைத் தூக்கில் போடுவார்கள் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1930-க்கும் 1972-க்கும் இடையில் அமெரிக்காவில் வன்புணர்வுக்காக 455 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அதில் 405 பேர் கறுப்பினத்தவர்.

டெல்லி கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி வர்மா குழுவும் தூக்கைப் பரிந்துரைக்கவில்லை. எண்பதாயிரம் பரிந்துரைகள் வந்து குவிந்தன, 29 நாளில் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் அதிகம் பேசியது போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி, மருத்துவப் பரிசோதனையைப் பற்றி. இந்தியாவில் வன்புணர்வு வழக்குகளில் தண்டனை கிடைப்பது நூற்றுக்கு 27, 28 என்ற அளவில்தான் நிற்கிறது. மீதி எழுபத்துச் சொச்சம் வழக்கில் தூக்கு என்று எழுதியிருந்தால் என்ன, ஏழு வருடம் என்று எழுதியிருந்தால் என்ன?

செந்தில்வேலன் எழுதியது:

பாட்டி சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நான் யோசித்ததில்லை சார். முழுக்க ஒத்துக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் நிலா எழுதியது:

//ஏன் கத்தவில்லை?//

இதற்கு ஒரு மருத்துவப் பதில் உண்டு, அதை எல்லா நீதிமன்றத்திலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று தோன்றும். ஆபத்து முற்றும்போது உடம்பு சண்டை போடும் அல்லது ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உறைந்துபோவது. தசை இறுகும், குரல் வராது, அசைய வேண்டும் என்று மனசு சொன்னாலும் கை எழாது. அது அவர் எடுத்த முடிவு இல்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கான அவசரப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. அதில் 70 சதவீதம் பேருக்கு இந்த உறைதல் குறிப்பிடத்தக்க அளவில் இருந்திருக்கிறது. ஆக, கத்தாமல் இருந்தவர்தான் பெரும்பான்மை.

காயம் இல்லை என்று நான் சான்றிதழில் எழுதினால் 'எதுவும் நடக்கவில்லை' என்று அதைப் படிக்கிறார்கள். நான் எழுதியது அது இல்லை. இப்போது ஒவ்வொரு அறிக்கையிலும் "காயம் இல்லாதது சம்மதத்துக்கான அடையாளம் ஆகாது" என்று ஒரு வரியைக் கையாலேயே சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

இரு விரல் சோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது. பெண் 'பழக்கப்பட்டவளா' என்று பார்க்கிறேன் என்ற பெயரில் இன்னொரு தடவை அத்துமீறுவதுதான் அது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013-ல் அதைக் கண்டித்தது. பங்களாதேஷ் உயர் நீதிமன்றம் 2018-ல் தடுத்தது, லாகூர் உயர் நீதிமன்றம் 2021-ல். அப்புறமும் 2022 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னொரு தடவை, இதைச் செய்பவர் ஒழுங்கீனம் செய்தவர் ஆவார் என்று சொல்லவேண்டி வந்தது. ஒன்பது வருடம்! தீர்ப்பு மருத்துவக் கல்லூரிப் பாடப்புத்தகம் வரை வந்துசேர அவ்வளவு நாள் ஆகிறது.

பனிமொழி எழுதியது:

அக்கா, காயத்தைத் தேடும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு தீர்ப்பு. 1972-ல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிச் சிறுமி, போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே. இரண்டு காவலர்கள்மீது வழக்கு. 1978-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்ததற்கான தடயம் இல்லை என்பது காரணம். 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்று கேட்டார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருந்தியது: காவலில் நடந்த வழக்கில், தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2013 திருத்தத்தில் இன்னும் தெளிவாக எழுதிவிட்டார்கள். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சம்மதம் என்று கருதக்கூடாது. முந்தைய பாலுறவு பற்றிக் கேட்பதற்கும் தடை. எழுத்தில் எல்லாம் இருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே பாதைதான். 2003-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பல்கேரியாவைக் கண்டித்தது. 14 வயதுப் பெண் எதிர்த்துப் போராடியதற்கு அடையாளம் இல்லை என்று விசாரணையையே மூடியிருந்தார்கள். சம்மதம் இல்லாத எல்லாச் செயலையும் விசாரித்துத் தண்டிப்பது அரசின் கடமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஜெர்மனி 2016-ல் 'வேண்டாம் என்றால் வேண்டாம்' என்று மாற்றியது. ஜப்பானில் 1907-ஆம் வருடத்துச் சட்டம் 110 வருடம் பெரிதாக அசையாமல் கிடந்தது. 2017-ல் முதல் பெரிய திருத்தம், 2023-ல் அடுத்தது. குற்றத்தின் பெயரையே 'சம்மதமற்ற உடலுறவு' என்று மாற்றி, சம்மத வயதை 13-லிருந்து 16 ஆக்கினார்கள். தூக்கத்தில் இருப்பது, போதையில் இருப்பது, பயத்தில் உறைந்துபோவது, மேலதிகாரிக்குப் பயந்து மறுக்க முடியாமல் போவது என்று சட்டத்துக்குள்ளேயே பட்டியல் போட்டிருக்கிறார்கள். டாக்டர் நிலா சொன்ன அந்த உறைதல் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஓவியன் எழுதியது:

இதைக் கேட்டால் திட்டுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் மனசில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். சம்மதம் இருந்ததை ஆண்தான் நிரூபிக்க வேண்டும் என்றால், பொய்ப் புகாரில் மாட்டினவன் என்ன செய்வான்? என் நண்பன் ஒருவன் இரண்டு வருடம் அலைந்து விடுதலையானான். வேலை போனது போனதுதான்.

வழக்கறிஞர் அறவாழி எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி, யாரும் திட்டவேண்டியதில்லை.

முதலில் ஒரு தெளிவு. ஸ்வீடனோ ஜெர்மனியோ நிரூபிக்கும் பொறுப்பை ஆண் தலையில் தூக்கி வைக்கவில்லை. அரசுத் தரப்புதான் இன்றும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு. கயல்விழி கேட்ட கேள்வியைக் கூண்டில் ஏறாத ஒருவரிடம் யாரும் கேட்கவும் முடியாது. மாறுவது, எதை நிரூபிப்பது என்பதுதான். முன்பு 'அடித்தான், மிரட்டினான்' என்று நிரூபிக்க வேண்டும். இப்போது 'அவருக்கு விருப்பம் இல்லை, இவன் அதைக் கண்டுகொள்ளவில்லை' என்று நிரூபிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். எழுபதுகளில், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு வழக்கில், 'அவள் சம்மதித்தாள் என்று மனதார நம்பினேன்' என்று ஒருவன் சொன்னால் அந்த நம்பிக்கை எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் அது எதிர்வாதம்தான் என்று சொன்னது. 2003 சட்டம் அதை மாற்றியது. நம்பினால் போதாது, நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன செய்தாய் என்று பார்ப்பார்கள். கனடா உச்ச நீதிமன்றம் 1999-ல் 'சொல்லாமல் சொன்ன சம்மதம்' என்று ஒன்று கிடையவே கிடையாது என்று முடித்துவிட்டது.

தவறாகத் தண்டிக்கப்படுவது நடக்கிற விஷயம்தான், அதை நான் மறைக்கமாட்டேன். 1989-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் ஐந்து பதின்பருவப் பையன்கள் செய்யாத குற்றத்துக்கு உள்ளே போனார்கள். 2002-ல்தான் டி.என்.ஏ. உண்மையான ஆளைக் காட்டியது. அந்தப் பையன்களைச் சிக்கவைத்தது அந்தப் பெண்ணின் புகார் இல்லை. அவருக்கு எதுவும் நினைவிலேயே இல்லை. போலீஸ் நெருக்கி வாங்கிய வாக்குமூலம்தான் காரணம். ஒழுங்கான புலன்விசாரணை நடந்தால் உங்கள் நண்பருக்கும் நல்லது, கயல்விழியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் நல்லது.

இன்னொன்று. விடுதலை என்றால் பொய்ப்புகார் என்று அர்த்தமில்லை. சாட்சி பின்வாங்கினாலும் விடுதலை, தடயத்தைத் தொலைத்தாலும் விடுதலை.

கயல்விழி எழுதியது:

தடயம் என்றதும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் ஞாபகம் வருகிறது. 2009-ல் போலீசின் ஒரு பண்டகசாலையில், அலமாரி அலமாரியாகப் பரிசோதிக்கப்படாத தடயப் பெட்டிகள் கிடந்தன. பதினோராயிரத்துக்கும் மேல். சிலது இருபது, முப்பது வருடம் பழையது.

ஒரு பெட்டி என்றால் என்ன என்று நான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த எண்ணிக்கை என்னை விடவே இல்லை. நடந்து சில மணி நேரமே ஆன ஒரு பெண், குளிக்கக்கூடாது, முகம் கழுவக்கூடாது என்று சொல்லி உட்காரவைப்பார்கள். விரித்த வெள்ளைத் தாளின்மேல் நின்று உடையைக் கழற்ற வேண்டும், ஒரு இழை விழுந்தாலும் தாளோடு மடிக்க வேண்டும். நகத்துக்கு அடியில் சுரண்டுவார்கள். தலைமுடியைச் சீவி எடுப்பார்கள். பஞ்சுக்குச்சி ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். ஒவ்வொரு உறைக்கும் முத்திரை, கையெழுத்து, நேரம். அவ்வளவையும் தாங்கிக்கொள்வதற்கு ஒரே காரணம், இது யாரையாவது பிடிக்க உதவும் என்று சொல்லியிருக்கிறோம். அந்தப் பெட்டியை அலமாரியில் வைத்து மறந்திருக்கிறார்கள்.

அந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் கிம் வொர்த்தி வருடக்கணக்கில் பணம் திரட்டிப் பெட்டிகளைச் சோதனைக்கு அனுப்பினார். தொடர் குற்றவாளிகள் என்று சந்தேகிக்கத்தக்க எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் தெரியவந்தார்கள். முதல் பெட்டியையே சோதித்திருந்தால் எத்தனை பெண்கள் தப்பித்திருப்பார்கள்?

பிலடெல்பியாவில் வேறு கதை. போலீஸ் ஆயிரக்கணக்கான புகார்களைக் குற்றமே இல்லாத ஏதோ ஒரு தலைப்பில் போட்டு மூடிவைத்திருந்ததை 1999-ல் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. அதன்பிறகு அங்கே ஒரு வழக்கம் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை பெண்கள் அமைப்புகள் போலீஸ் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து, 'ஆதாரம் இல்லை' என்று மூடிய கோப்புகளைப் பிரித்துப் படிக்கின்றன. இத்தனை வருடத்தில் எனக்குக் கண்ணில் பட்ட சீர்திருத்தங்களில் மிகப் பிடித்தது இது. புதுச் சட்டமே தேவைப்படவில்லை.

அமைதி_77 எழுதியது:

படிப்பேன், எழுதுவதில்லை. இன்று எழுதுகிறேன். நான் ஆண். 23 வயதில் நடந்தது. போலீசில் சொன்னபோது எந்தப் பிரிவில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டார். இந்தியாவில் வன்புணர்வுச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்க முடியும். குழந்தைகளுக்கான போக்சோ மட்டும் ஆண் பெண் பார்க்காது. 2024-ல் வந்த புதுச் சட்டத்தில் 'இயற்கைக்கு மாறான உடலுறவு' பற்றிய பழைய 377-ஆம் பிரிவையும் எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் வயதுவந்த ஆணுக்கு எதுவும் வைக்கவில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கூட 2012 வரைக்கும் வன்புணர்வு என்றால் பெண்ணுக்கு நடப்பது என்றே கணக்கெடுத்தது. வர்மா குழு பாதிக்கப்பட்டவர் யாராகவும் இருக்கலாம் என்று எழுதச் சொன்னது. கேட்கவில்லை.

அவ்வளவுதான்.

டாக்டர் நிலா எழுதியது:

அமைதி, எழுதியதற்கு நன்றி. எங்கள் படிவத்திலேயே பெண் உடம்பின் படம் மட்டும்தான் இருந்தது, ஆண் வந்தால் காயத்தைக் குறிக்க வெள்ளைத்தாளில் நானே வரைவேன். மேலதிகாரியிடம் சண்டைபோட்டு மாற்றினோம். பேச வேண்டும் என்று தோன்றினால் தனிமடல் போடுங்கள், அவசரமில்லை.

பனிமொழி எழுதியது:

கணவன் விஷயத்தை யாரும் தொடவில்லை. மேத்யூ ஹேல் என்ற ஆங்கில நீதிபதி, மனைவி கல்யாணத்தின்போதே தன்னைக் கொடுத்துவிட்டாள், அதைத் திரும்ப வாங்க முடியாது என்று எழுதிவைத்தார். அவர் செத்து அறுபது வருடம் கழித்து 1736-ல் அது அச்சானது. ஒரு ஆதாரமும் காட்டாமல் எழுதிய வரி. இங்கிலாந்து 1991-ல் அதைத் தூக்கிப்போட்டது. ஆனால் அது 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏறி அங்கிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. தமிழர்கள் வாழும் நான்கு நாட்டிலும் ஒரே வரி! சிங்கப்பூர் 2020 ஜனவரி 1-ல் முழுசாக நீக்கியது. இலங்கையில் நீதிமன்ற உத்தரவால் பிரிந்து வாழ்ந்தால் மட்டும்தான் குற்றம். மலேசியாவில் காயப்படுத்தினாலோ பயமுறுத்தினாலோ தனிக் குற்றம், ஆனால் அதை வன்புணர்வு என்று சொல்வதில்லை. இந்தியாவில் புதுச் சட்டத்திலும் விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. 2017-ல் உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குக் கீழான மனைவியை மட்டும் அதிலிருந்து வெளியே எடுத்தது. 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு. நேபாளத்தின் உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்த்துவிட்ட கேள்வி இது.

'கெடுத்தவனே கட்டிக்கொண்டால் வழக்கு இல்லை' என்று சட்டமாகவே பல நாட்டில் எழுதியிருந்தார்கள். இத்தாலியில் 1981 வரை. சிசிலியில் அறுபதுகளில் ஒரு இளம்பெண், ஊரே நெருக்கியும் கட்டமாட்டேன் என்று நின்று வழக்கு நடத்தி ஜெயித்தார், அப்புறமும் பதினைந்து வருடம் ஆனது. மொராக்கோ 2014. துனிசியா, ஜோர்டான், லெபனான் மூன்றும் 2017. லெபனானில் பெய்ரூட் கடற்கரைச் சாலையில் வெள்ளைத் திருமண உடைகளைத் தூக்குக்கயிற்றில் தொங்குவதுபோல வரிசையாகத் தொங்கவிட்டார்கள் பெண்கள்.

செந்தில்வேலன் எழுதியது:

சட்டத்தில் எழுதவில்லை என்றாலும் 'கட்டிவைத்துவிடலாம்' என்று பஞ்சாயத்தில் பேசுவதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன். இப்போது எழுதவே கூசுகிறது.

வழக்கறிஞர் அறவாழி எழுதியது:

சட்டத்தை மாற்றுபவர்கள் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின். 2016-ல் பாம்ப்லோனா திருவிழாவில் ஐந்து பேர் ஒரு பெண்ணுக்குச் செய்த கொடுமை. வன்முறையும் மிரட்டலும் நிரூபணம் ஆகவில்லை என்று 2018-ல் கீழ் நீதிமன்றம் அதை 'அத்துமீறல்' என்று மட்டும் சொல்லி ஒன்பது வருடம் கொடுத்தது. நாடே கொந்தளித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் வன்புணர்வுதான் என்று 15 வருடமாக்கியது. 2022-ல் 'ஆம் என்றால் மட்டுமே ஆம்' சட்டம். நல்ல நோக்கம். ஆனால் இரண்டு குற்றத்தையும் ஒன்றாக்கும்போது குறைந்தபட்சத் தண்டனை இறங்கிவிட்டது. புதுச் சட்டம் குறைவான தண்டனை சொன்னால் பழைய கைதிக்கும் அது பொருந்தும் என்பது அடிப்படை விதி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை குறைந்தது. 2023-ல் திருத்தவேண்டி வந்தது. கட்டுரை எழுதுவதுபோலச் சட்டம் எழுதமுடியாது, ஒரு எண் தப்பினால் யாரோ ஒருத்தியின் வீட்டு வாசலில் அந்த ஆள் வந்து நிற்பான்.

பிரான்ஸ் வேறு மாதிரி. அவிஞோன் வழக்கில் மனைவிக்கு மயக்கமருந்து கொடுத்து அந்நியர்களை வரவழைத்த கணவனும் மற்றவர்களுமாக 51 பேர் 2024 டிசம்பரில் தண்டனை பெற்றார்கள். 'கணவர் சரி என்றாரே' என்று கோர்ட்டிலேயே சொன்னவர்கள் அதில் உண்டு. அந்த மனைவி ஜிசேல் பெலிக்கோ, தன் வழக்கு விசாரணையை மூடிய அறையில் நடத்தவேண்டாம், வெட்கப்படவேண்டியது நான் இல்லை என்று கதவைத் திறக்கச் சொன்னார். அடுத்த வருடமே பிரெஞ்சுச் சட்டத்தில் சம்மதம் ஏறியது. மௌனத்திலிருந்து மட்டும் சம்மதத்தை ஊகிக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதினார்கள்.

பனிமொழி எழுதியது:

கேள்வி கேட்பவர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ருவாண்டா. 1994-ல் அங்கே நடந்த இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் டாபா என்ற ஊரின் நிர்வாகத் தலைவர் அகாயேசுமீது வழக்கு. முதலில் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற சொல்லே இல்லை. 1997-ல் ஒரு தாய் வேறு எதையோ சொல்ல வந்தவர், தன் சின்ன மகளுக்கு நடந்ததையும் சொன்னார். அங்கே இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. டர்பன் நகரத் தமிழ்க் குடும்பத்தில், பஸ் ஓட்டுநருக்குப் பிறந்தவர். நீதிபதிகள் அந்தப் பேச்சைக் கடந்துபோகவிடவில்லை, மேலே கேட்டார்கள். இன்னும் சாட்சிகள் வந்தார்கள். குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ல், வன்புணர்வு இனப்படுகொலையின் செயலாகவும் இருக்கமுடியும் என்று உலகில் முதல்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. கட்டாயச் சூழலில் நடந்ததா என்பதே கேள்வி என்றும், உடல் உறுப்புகளின் பட்டியலால் இந்தக் குற்றத்தை விளக்கமுடியாது என்றும் அதில் இருக்கிறது.

டாக்டர் நிலா எழுதியது:

கயல்விழி, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இரண்டு கட்டடங்கள். ஐஸ்லாந்தில் 1998-ல் தொடங்கிய குழந்தைகள் இல்லம். போலீஸ், டாக்டர், மனநல ஆலோசகர், வழக்கறிஞர் எல்லோரும் குழந்தையைப் பார்க்க அந்த இல்லத்துக்கே வருகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையோடு பேசுவார், மற்றவர்கள் அடுத்த அறையில் திரையில் பார்ப்பார்கள். பதிவு செய்துவிடுவார்கள். முடிந்தவரை ஒரே தடவை சொன்னால் போதும். இன்னொன்று தென்னாப்பிரிக்காவின் துதுசெலா மையங்கள். அந்தச் சொல்லுக்கு ஷோசா மொழியில் ஆறுதல் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே பரிசோதனை, வாக்குமூலம், ஆலோசனை, குளிக்க ஒரு இடம், மாற்றுத்துணி. அங்கே அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் அமைப்பே இதை நடத்துகிறது. மாற்றுத்துணியை ஒரு அரசாங்கம் யோசித்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஓவியன் எழுதியது:

இங்கிலாந்தில் குறுக்கு விசாரணையை முன்கூட்டியே பதிவுசெய்து, அதையே கோர்ட்டில் போட்டுக்காட்டும் ஏற்பாடு இருப்பதாகப் படித்தேன். கயல்விழி அக்கா, நீங்கள் போன வழக்கில் அப்படி ஏதும் கேட்க முடியாதா? குறைந்தது ஒரு திரையாவது?

கயல்விழி எழுதியது:

இருக்கிறது ஓவியன். 1999-லேயே சட்டத்தில் எழுதிவிட்டு, எல்லா நீதிமன்றத்துக்கும் கொண்டுசேர்க்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் வழக்கில் திரைக்கு மனு போட்டிருக்கிறோம். அறவாழி சார் தனிமடலில் சொல்லிக்கொடுத்தபடி, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதை நீதிபதி தடுக்கவேண்டும் என்றும் அரசு வழக்கறிஞர் மூலம் எழுதிக் கொடுத்தோம். டாக்டர் நிலா சொன்ன உறைதல் பற்றி ஒரு மனநல மருத்துவரைச் சாட்சியாக அழைக்கவும் கேட்டிருக்கிறோம். நீதிபதி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாய்தா வியாழக்கிழமை. நேற்று போனில் பேசினேன். "அக்கா, அன்றைக்கு நீங்கள் எனக்கு எதிரே தெரிகிற மாதிரி உட்காருங்கள், பக்கவாட்டில் வேண்டாம்" என்றார். முதல் வரிசையில் இடம் பிடிக்க ஒன்பது மணிக்கே போய்விடப் போகிறேன்.